செல் மாட்டியும் எழாத 13எஸ் பிஎம்எஸ்: சிப் தூங்குகிறதா, செத்துவிட்டதா?

மிதிவண்டி_13எஸ்

வணக்கம். மூன்று வாரமாக மண்டை காய்கிறது, தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் பாருங்கள்.

என் சைக்கிளுக்கு 48 வோல்ட் லித்தியம் அயான் பேக் நானே கட்டுகிறேன், 13 செல் தொடராக, அதுதான் 13எஸ். கடையில் கிடைக்கும் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும்) போர்டைப் போட்டிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் போனில் தெரிய வேண்டும் என்ற ஆசையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிகியூ76952 சிப்பை வைத்து போர்டு வரைந்து, மூன்று போர்டு சோல்டர் செய்துவிட்டேன். 3 முதல் 16 செல் வரை பார்த்துக்கொள்ளும், செல்களைக் கண்காணிப்பதும் பாதுகாப்பதும் ஒரே சிப்பில். அதோடு ரெக்1 என்று ஒரு வெளியீடு 3.3 வோல்ட் தரும் என்று டேட்டாஷீட்டில் பார்த்ததும், தனியாக ரெகுலேட்டர் எதற்கு என்று மிச்சம் பிடித்து, மைக்ரோகண்ட்ரோலருக்கும் ஐ2சி (சிப்கள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி) புல்அப் ரெசிஸ்டர்களுக்கும் அதிலிருந்தே பவர் எடுத்தேன். அதற்கு வேண்டிய என்பிஎன் டிரான்சிஸ்டரும் வெளியே போட்டிருக்கிறேன்.

இதற்கு முன் நண்பர் ஒருவரிடம் இதே சிப்பின் ஈவிஎம் போர்டை (சிப்பைச் சோதித்துப் பார்க்கும் மாதிரிப் போர்டு) இரவல் வாங்கி, கம்ப்யூட்டரில் யுஎஸ்பி மாட்டிப் பார்த்தேன். அழகாக ஓடியது. அந்தத் தைரியத்தில்தான் சொந்தப் போர்டில் இறங்கினேன்.

இப்போது நடப்பது இதுதான். செல் கனெக்டரை மாட்டினால் சிப்புக்குப் பவர் வரும் பேட் பின்னில் 48 வோல்ட் வருகிறது. ரெக்1 சுத்தமாக 0. டிஎஸ்2 பின்னில் மட்டும் 4.5 வோல்ட் போல ஏதோ நிற்கிறது, நான் அங்கே எதையும் கொடுக்கவில்லை, ஒரு பட்டன்தான் இருக்கிறது, அழுத்தினால் தரைக்குப் போகும். சிப்பை எழுப்பும் பட்டன் அதுதான் என்று படித்துத்தான் போட்டேன். பத்துத் தடவை அழுத்திவிட்டேன், மைக்ரோ எழவில்லை.

இதில் ஒரு வேடிக்கை வேறு. யுஎஸ்பியிலிருந்து ஐ2சி-க்கு மாற்றும் அடாப்டரை மாட்டினால் மைக்ரோவின் எல்இடி மினுக்கட்டாம்பூச்சி மாதிரி மங்கலாக எரிகிறது, அடாப்டரை உருவினால் அணைகிறது. ஸ்கேன் செய்தால் ஒரு முகவரியும் பதில் சொல்லவில்லை.

செல் மாட்டும்போது கனெக்டர் கோணலாக ஏறியது, சில பின்கள் முன்னே பின்னே தொட்டிருக்கும். அதில் சிப் போயிருக்குமா? மூன்றுமா போகும்?

கடைக்கார அண்ணன்

தம்பி, பதறாதே. நான் செல்போன், எமர்ஜென்சி லைட், பவர்பேங்க் பார்க்கிற ஆள், உன் சிப் எனக்குப் பழக்கம் இல்லை. ஆனால் இந்தக் கூத்து எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒற்றை செல் போர்டு இருக்கிறதே, டிடபிள்யூ01 சிப்பும் 8205 ஃபெட்டும் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போட்டது, அதில் புது செல் வைத்து சோல்டர் செய்தால் செல்லில் 3.8 இருக்கும், வெளியே வரும் பிளஸ் மைனஸில் மீட்டர் வைத்தால் ஒன்றும் இருக்காது. கடையில் வேலைக்குப் புதிதாக வந்த பையன்கள் உடனே போர்டு போச்சு என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். ஒன்றும் போகவில்லை. சார்ஜரை ஒரு நொடி தொட்டு எடுத்தால் வந்துவிடும். சார்ஜர் கையில் இல்லை என்றால் செல்லின் மைனஸையும் வெளியே வரும் மைனஸையும் ஒரு கம்பியால் லேசாக உரசினால் போதும். நாங்கள் இதை ‘டச் கொடுப்பது’ என்போம். ஒரே பெட்டியில் வந்த பத்து போர்டில் ஆறு தானாக எழும், நாலுக்கு டச் வேண்டும். ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

நீயும் சார்ஜரைத் தொட்டுப் பார்.

நானோஆம்பியர்

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் அந்தக் கம்பி உரசும் வேலையை 13 செல் பேக்கில் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒற்றை செல்லில் உரசினால் ஒன்றுமில்லை. 48 வோல்ட் பேக்கில், எதிர்முனையில் மோட்டார் கண்ட்ரோலரின் பெரிய கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது, ஃபெட்டைத் தாண்டி ஒரு கம்பியைப் போட்டால் வரும் பொறியில் கம்பி முனையே உருகிப்போகும். அண்ணனுக்கும் இது தெரியும், சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஆறு எழுந்து நாலு எழாததற்குக் காரணம் உண்டு. செல்லை மாட்டும் அந்த நொடியில் சிப்பின் பவர் பின்னான விடிடி 0-விலிருந்து மேலே ஏறுகிறது. டிடபிள்யூ01 வகை சிப், செல் 2.4 வோல்டுக்குக் கீழே போனால் ‘வற்றிவிட்டது’ என்று டிஸ்சார்ஜ் ஃபெட்டை அணைத்துவிடும். 0-விலிருந்து ஏறுகிற செல்லும் வற்றிய செல்லும் சிப்பின் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். ஃபெட் அணைந்ததும் வெளி மைனஸ் மிதக்கிறது, அதோடு சேர்ந்த விஎம் பின், அதாவது டிடபிள்யூ01-இல் சிஎஸ் என்று எழுதியிருக்குமே அது, உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் வழியாகவோ வெளியே மாட்டியிருக்கும் சுமை வழியாகவோ மேலே இழுபடுகிறது. அது மேலே இருக்கும்வரை பல சிப்கள் ஆழ்ந்த தூக்கத்திலேயே கிடக்கும். கம்பியை உரசும்போது அந்தப் பின் 0-க்கு வருகிறது, சார்ஜர் வைத்தால் 0-க்கும் கீழே போகிறது, சிப் எழுகிறது. ஏப்லிக் நிறுவனத்தின் எஸ்-8261 டேட்டாஷீட்டில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்: முதன்முறை பேட்டரி மாட்டும்போது டிஸ்சார்ஜ் நிலைக்கு வராமல் போகலாம், அப்படியானால் விஎம் பின்னையும் விஎஸ்எஸ் (தரை) பின்னையும் இணையுங்கள் அல்லது சார்ஜர் மாட்டுங்கள் என்று. கை நடுங்கி, செல் இரண்டு தடவை தொட்டு விட்டு, அப்புறம் ஒட்டினால் முடிவு மாறும். அண்ணனின் பெட்டியில் உள்ள பத்து போர்டும் ஒன்றுதான், மாட்டிய விதம்தான் வேறு.

இப்போது உங்கள் போர்டு. டிஎஸ்2-வில் நிற்கும் அந்த வோல்ட்தான் உங்களுக்கு நல்ல செய்தி. பிகியூ76952 ஷட்டவுனில், அதாவது முழுத்தூக்கத்தில், இருக்கும்போது டிஎஸ்2-வைத் தானே 5 வோல்ட் பக்கமாக, மிகப் பலவீனமாக, மேலே பிடித்து வைத்திருக்கும், யாராவது கீழே இழுக்கிறார்களா என்று பார்க்க. உங்கள் மீட்டரும் ஒரு சுமை என்பதால் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. செத்த சிப் அதைச் செய்யாது. பேட்டரியை எந்த வரிசையில் மாட்டினாலும் தாங்கும்படிதான் இதைச் செய்திருக்கிறார்கள், கோணல் கனெக்டருக்கெல்லாம் எளிதில் சாகாது.

எல்இடி மங்கலாக எரிவதும் புரிகிறது. அடாப்டரில் சொந்தமாக 3.3 வோல்ட் புல்அப் இருக்கும். அது ஐ2சி கம்பி வழியாக வந்து, மைக்ரோவின் பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடில் ஏறி, செத்துக்கிடக்கும் உங்கள் 3.3 தடத்துக்குள் கசிகிறது. புறவாசல் வழியாக வரும் பவர். அந்த நிலையில் ஸ்கேன் முடிவை நம்பாதீர்கள்.

எனக்கு ஒரே ஒரு அளவு வேண்டும். பட்டனை அழுத்தி விட்டபின் ரெக்18 பின்னில் என்ன வோல்ட்? மூன்று போர்டிலும் பார்த்துச் சொல்லுங்கள். பட்டன் அழுத்துவதற்கு முன்பும் பாருங்கள்.

மிதிவண்டி_13எஸ்

ரெக்18-ஐ நான் பார்க்கவே இல்லை, அது சிப்பின் உள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். இப்போது பார்த்தேன்.

முதல் போர்டு, பட்டனுக்கு முன் 0. அழுத்தியதும் 1.8. டிஎஸ்2-வில் இருந்த வோல்டும் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பட்டனைத் தொடவே இல்லை, செல் மாட்டியதுமே 1.8 நிற்கிறது! ஆனால் மூன்றிலுமே ரெக்1 மட்டும் 0-தான். ரெகின் பின்னிலும் 0.

அப்படியென்றால் சிப் எழுந்துவிட்டது, ரெகுலேட்டர் பகுதி மட்டும் எரிந்துவிட்டதா? டிரான்சிஸ்டரை மாற்றிப் பார்க்கவா?

நானோஆம்பியர்

டிரான்சிஸ்டரை விடுங்கள், ஒன்றும் எரியவில்லை. உங்கள் பட்டன் முதல் நாளிலிருந்தே வேலை செய்திருக்கிறது. நீங்கள் அழுத்தியபோதெல்லாம் சிப் எழுந்து, யாரும் எதுவும் சொல்லாததால் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

விஷயம் இதுதான்: பிறந்த நிலையில் இந்த சிப்பில் ரெக்0-வும் ரெக்1-உம் அணைந்தே இருக்கும். ரெக்0 என்பது அந்த வெளி டிரான்சிஸ்டரை ஓட்டி ரெகின் பின்னில் 5 வோல்ட் பக்கம் உண்டாக்கும் முன்கட்டம், ரெக்1 அதிலிருந்து உங்கள் 3.3-ஐத் தரும். இரண்டையும் இயக்கச் சொல்லி ஐ2சி வழியாக யாராவது எழுத வேண்டும். எழுத வேண்டியவர் உங்கள் மைக்ரோ. மைக்ரோவுக்குப் பவர் ரெக்1-இலிருந்து. எழுப்புகிறவனே அந்த அறைக்குள் பூட்டிக்கிடக்கிறான், சாவி வெளியே தொங்குகிறது.

ஈவிஎம் போர்டில் ஓடியதற்குக் காரணமும் இதுதான். அங்கே பேச வேண்டிய பகுதிக்கு உங்கள் கம்ப்யூட்டரின் யுஎஸ்பியே பவர் கொடுத்தது, அதனால் ரெக்1 அணைந்திருப்பது உங்கள் கண்ணில் படவே இல்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷட்டவுனில் இது எடுப்பது 1 மைக்ரோஆம்பியர் அளவு, ஒரு வருடம் கிடந்தாலும் 9 மில்லிஆம்பியர்-மணி கூட ஆகாது, செல்லே தானாக அதைவிட அதிகம் இழக்கும். சாதாரண நிலையில் விழித்திருந்தால் 286 மைக்ரோஆம்பியர், மாதத்துக்கு 0.2 ஆம்பியர்-மணி. ரெக்1-உம் ஓடி, மைக்ரோ 5 மில்லிஆம்பியர் குடித்தால் மாதத்துக்கு 3.6 ஆம்பியர்-மணி. உங்கள் பேக் 10 ஆம்பியர்-மணி என்றால் மூன்று மாதம் அட்டைப்பெட்டியில் இருந்தாலே காலி, அதற்குள் பாதியில் வற்றிய செல்களின் கதி வேறு. அதனால்தான் எதையும் இயக்காமல், பேசாமல் இருப்பதே முறை என்று வைத்திருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ரெக்1 தடத்தைப் போர்டில் வெட்டவோ, அங்கே 0 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் கழற்றவோ செய்துவிட்டு, மைக்ரோவுக்கு பெஞ்ச் சப்ளையிலிருந்து 3.3 கொடுங்கள். பேக் மைனஸும் பெஞ்ச் சப்ளை மைனஸும் லேப்டாப் தரையும் ஒன்றாகிவிடும் என்பதை மறக்காதீர்கள், லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், பேக்குக்கும் சார்ஜர் மாட்டியிருக்கக் கூடாது. முகவரி 7 பிட் கணக்கில் ஹெக்ஸ் 08, டேட்டாஷீட்டில் 10 என்று பார்த்தால் அது 8 பிட் கணக்கு. முதலில் 0001 துணைக்கட்டளை அனுப்பி சிப்பின் எண்ணைக் கேளுங்கள், 7695 என்று வர வேண்டும். வந்தால் கான்ஃபிக் அப்டேட் (அமைப்பை மாற்றும்) நிலைக்குப் போய், ஹெக்ஸ் 9237-இல் 1 எழுதினால் ரெக்0, 9236-இல் சாதாரண எண்ணில் 13 எழுதினால் ரெக்1 3.3 வோல்டில் எழும். ஒவ்வொரு தடவையும் செக்சமும் (சரிபார்ப்பு எண்) நீளமும் சேர்த்து எழுத வேண்டும், அதை மறந்தால் சிப் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

மூன்றாவது போர்டு ஏன் தானாக எழுகிறது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. அதில் மட்டும் வேறு ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா?

மிதிவண்டி_13எஸ்

வந்துவிட்டது!!! 7695!

ரெக்1-இல் 3.31 வோல்ட். பெஞ்ச் சப்ளையைக் கழற்றி, வெட்டிய தடத்தை மறுபடி ஒட்டி, ரெக்1-லேயே மைக்ரோவை ஓட்டினேன், ஓடுகிறது. மூன்று வாரம், மூன்று வாரம்...

ஆனால் இரண்டு புதுத் தலைவலி. ஒன்று, ஷட்டவுன் கட்டளை அனுப்பிப் பார்த்தேன், எல்லாம் அணைந்தது, சரி. பட்டனை அழுத்தினால் மறுபடி பழையபடி ரெக்1-இல் 0! இவ்வளவு எழுதியதும் எங்கே போனது?

இரண்டு, ஃபெட்டுகள். சார்ஜ், டிஸ்சார்ஜ் இரண்டும் அணைந்தே இருக்கின்றன, பிழை எதுவும் காட்டவில்லை. ஃபெட் எனேபிள் என்ற கட்டளையை, போய்ச் சேரட்டும் என்று நொடிக்கு ஒரு தடவை அனுப்புகிறேன். ஃபெட் ஒரு நொடி இயங்குகிறது, ஒரு நொடி அணைகிறது, வாகனத்தின் இண்டிகேட்டர் மாதிரி. இது ஏதோ ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பா?

(மூன்றாவது போர்டைப் பற்றி: அதைத்தான் சைக்கிளில் வைத்து கண்ட்ரோலரோடு மாட்டியிருக்கிறேன். மற்ற இரண்டும் மேசையில்.)

வாணி

இண்டிகேட்டர் மாதிரி என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். எங்கள் உற்பத்தி லைனிலும் ஒருவர் இதையே செய்தார். நீங்கள் அனுப்பும் ஃபெட் எனேபிள், அதாவது 0022 கட்டளை, ‘இயக்கு’ அல்ல, ‘மாற்று’. ஒரு தடவை அனுப்பினால் இயங்கும், இன்னொரு தடவை அனுப்பினால் பழையபடி சோதனை நிலைக்குப் போய்விடும். நீங்கள் சிரத்தையாக நொடிக்கு ஒரு தடவை போட்டு அணைக்கிறீர்கள். முதலில் 0057-ஐப் படித்து எஃப்இடி இஎன் பிட் 0-வா 1-ஆ என்று பாருங்கள், 0 என்றால் மட்டும் ஒரே ஒரு தடவை அனுப்புங்கள். பிறந்த நிலையில் அது 0. பாதுகாப்பு அளவுகளை யாரும் அமைக்காத சிப் தன்னிஷ்டத்துக்கு 48 வோல்டைத் திறந்துவிடக் கூடாது அல்லவா.

அதை இயக்குவதற்கு முன் செல் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டீர்களா? சும்மா விட்டால் 16 செல்லும் இருப்பதாக அது நினைக்கும். 13 என்றால் மேலே மூன்றை மொத்தமாக விட்டுவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. முதல் செல், இரண்டாவது செல், பதினாறாவது செல், இந்த மூன்று இடத்திலும் நிஜ செல் இருந்தாக வேண்டும், நடுவில் உள்ளதைத்தான் ஷார்ட் செய்ய வேண்டும். 13, 14, 15-ஐ விட்டிருந்தால் ஹெக்ஸ் 9304-இல் 8எஃப்எஃப்எஃப் எழுதுங்கள். குறைவோல்டேஜ் பாதுகாப்பையும் நீங்களே இயக்கினால்தான் உண்டு. செல் எண்ணிக்கை சொல்லாமல் அதை இயக்கினால், ஷார்ட் செய்த இடங்களில் 0 வோல்ட் பார்த்து உடனே டிஸ்சார்ஜை வெட்டிவிடும், நீங்கள் மறுபடி இங்கே வந்து கேட்பீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மின்னோட்டம் இல்லாமல் கொஞ்ச நேரம் விட்டால் சிப் ஸ்லீப் நிலைக்குப் போகும், அப்போது சார்ஜ் ஃபெட்டை அணைத்துவிடும், அதுவும் பிறந்த குணம். சார்ஜ் ஃபெட் பழுது என்று அதைக் கழற்றிவிடாதீர்கள். சோதிக்கும்வரை 009ஏ அனுப்பி ஸ்லீப்பைத் தடுத்துவிடுங்கள்.

இப்போது முதல் கேள்வி. நீங்கள் எழுதியது எல்லாம் ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், இருந்தது. ஷட்டவுன் போனால் ரேம் காலி. நிரந்தரமாக வேண்டும் என்றால் ஓடிபியில் எழுத வேண்டும், வங்கி அனுப்பும் ஓடிபி இல்லை, ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான் என்ற ஓடிபி. 0-வை 1 ஆக்கலாம், 1-ஐ மறுபடி 0 ஆக்க முடியாது. அதனால் எல்லா அளவையும் அதில் கொட்டாதீர்கள். ரெக்0, ரெக்1 இரண்டை மட்டும் எழுதினால் மைக்ரோ உயிரோடு எழும், மிச்சத்தை ஒவ்வொரு தடவையும் மைக்ரோ ரேமில் எழுதிக்கொள்ளட்டும். ஹெக்ஸ் 12-இல் இருக்கும் பேட்டரி ஸ்டேட்டஸில் பிஓஆர் பிட் 1 என்றால் சிப் எல்லாவற்றையும் மறந்து எழுந்திருக்கிறது என்று பொருள், உடனே அமைப்புகளை மறுபடி எழுத வேண்டும். பலர் மைக்ரோ எழும்போது மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள். சிப் மட்டும் நடுவில் ரீசெட் ஆனால் மைக்ரோவுக்குத் தெரியாது.

ஓடிபி எழுதும்போது பேட் பின்னில் 10-இலிருந்து 12 வோல்டுக்குள் இருக்க வேண்டும், 48 அல்ல. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைக் கவனிக்காமல், பேக்கை முழுதாகக் கட்டி, நிக்கல் பட்டை எல்லாம் வெல்டு அடித்து, ஷ்ரிங்க் உறை சுற்றியபிறகு ஓடிபி எழுதலாம் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். நல்லவேளை, எழுதும் முன் 00ஏ0 கட்டளை அனுப்பிக் கேட்டோம், வோல்டேஜ் அதிகம் என்று அதுவே மறுத்துவிட்டது. அன்று முழுக்க ஷ்ரிங்க் கிழித்தோம். இப்போது வெறும் போர்டாக இருக்கும்போதே, செல் மாட்டும் முன், 11 வோல்ட் சப்ளையில் எழுதி முடித்து, போர்டில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துத்தான் அடுத்த மேசைக்கு அனுப்புகிறோம். உங்களுக்கு மூன்று போர்டுதான், செல் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பெஞ்ச் சப்ளையில் செய்யுங்கள்.

நானோஆம்பியர்

வாணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போர்டுக்காகவோ மூன்று போர்டுக்காகவோ நான் ஓடிபி பக்கம் போகமாட்டேன். பேக்கிலிருந்தே ஒரு சின்ன பக் ரெகுலேட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தருவது), கசிவு குறைந்ததாகப் பார்த்துப் போட்டு மைக்ரோவுக்குத் தனி 3.3 கொடுத்துவிடுவேன். அப்போது எழுப்புகிறவன் எப்போதும் விழித்திருப்பான், ஓர் என்-சேனல் ஃபெட் வைத்து டிஎஸ்2-வை மைக்ரோவே கீழே இழுத்து சிப்பை எழுப்பலாம். நேரடியாக மைக்ரோ பின்னை டிஎஸ்2-வில் கட்டாதீர்கள், அங்கே 5 வோல்ட் நிற்கும். இதன் விலை, அந்த ரெகுலேட்டர் இராப்பகலாகக் குடிக்கும் கொஞ்ச மின்னோட்டம். சைக்கிளை வாரம் ஒரு தடவை சார்ஜ் போடுபவருக்கு அது பொருட்டே இல்லை, கிடங்கில் ஆறு மாதம் கிடக்கும் பேக்குக்கு அது பெரிய விஷயம். வாணி செய்வது அவர் வேலைக்குச் சரி.

அப்புறம் மூன்றாவது போர்டு. கண்ட்ரோலரோடு மாட்டியிருக்கிறேன் என்று அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள், விடையே அதில்தான் இருக்கிறது. இந்த சிப்பை எழுப்ப டிஎஸ்2 மட்டும் வழி இல்லை. எல்டி பின்னில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வோல்டேஜ் வந்தாலும் எழும், சார்ஜர் மாட்டினால் எழட்டும் என்று வைத்தது. எல்டி உங்கள் பேக் பிளஸ் வெளியீட்டோடு ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சேர்ந்திருக்கும். கண்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் முன்பு எப்போதோ ஏறிய சார்ஜ் கொஞ்சம் மிச்சம் இருந்தாலே போதும். செல் மாட்டியதும் சிப் எல்டியைப் பார்க்கிறது, சார்ஜர் வந்துவிட்டது என்று நினைத்து எழுகிறது. கண்ட்ரோலர் வயரைக் கழற்றிவிட்டு மாட்டிப் பாருங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. அந்தப் போர்டுக்கு ஷட்டவுன் கட்டளை அனுப்பினால் ஃபெட்டை அணைக்கும், ஆனால் எல்டியில் வோல்டேஜ் வடியும்வரை முழுத்தூக்கம் போகாமல் பாதித்தூக்கத்தில் காத்திருக்கும். ஷட்டவுன் வேலை செய்யவில்லை என்று அடுத்த பதிவு போட்டுவிடாதீர்கள்.

இறுதிப் போர்டில் எந்த நிலையில் எழும் என்பதை நம்பி எதையும் கட்டாதீர்கள். முதல் தடவை செல் மாட்டும்போது தூக்கத்தில் இருக்கலாம், விழித்தும் இருக்கலாம். இரண்டுக்கும் தயாராக மைக்ரோவில் எழுதுங்கள்.

மிதிவண்டி_13எஸ்

கழற்றிப் பார்த்தேன். கண்ட்ரோலர் வயரை உருவும் முன் அதன் முனையில் மீட்டர் வைத்தேன், 7.2 வோல்ட் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளைப் பழைய பேக்கில் ஓட்டிவிட்டு வந்து மாற்றியது, சாவி அணைந்திருந்தது. வயர் இல்லாமல் செல் மாட்டினால் மூன்றாவது போர்டும் மற்ற இரண்டைப் போலவே டிஎஸ்2-வில் வோல்டோடு தூங்குகிறது. வயரை மாட்டினால் எழுகிறது. நாலு தடவை செய்து பார்த்தேன், நாலு தடவையும் அப்படியே.

ஃபெட் எனேபிளை ஒரு தடவை மட்டும் அனுப்பினேன், இண்டிகேட்டர் நின்றது. வாணி அக்கா பயந்தது சரிதான், நான் மேல் மூன்று இடத்தையும் ஷார்ட் செய்திருந்தேன். மேல் செல்லின் வயரை 16-க்கு மாற்றி, நடுவில் ஷார்ட் செய்து, 8எஃப்எஃப்எஃப் எழுதியதும் 13 செல்லும் வரிசையாகத் திரையில் வந்தன. ஏழாவது செல் மட்டும் மற்றவற்றைவிட 40 மில்லிவோல்ட் கீழே நிற்கிறது, அது வேறு கதை, தனிப் பதிவாகக் கேட்கிறேன்.

ஓடிபியா பக் ரெகுலேட்டரா என்பதில் பக் பக்கம் சாய்ந்துவிட்டேன். மூன்று போர்டு வீணாகிவிட்டால் அழுவதற்குக் கூடத் தெம்பு இல்லை. அடுத்த போர்டு வரைபடத்தைப் போடுகிறேன், பார்த்துத் திட்டுங்கள்.

கடைக்கார அண்ணன்

தம்பி, ஒரு நிமிஷம். சார்ஜர் வந்ததாக நினைத்து எழுகிறது, கண்ட்ரோலரில் மிச்சம் இருந்த ஏழு வோல்ட் தொட்டதும் எழுகிறது. அப்படியென்றால் உன் மூன்றாவது போர்டுக்கு நீ தெரியாமலேயே டச் கொடுத்திருக்கிறாய். நான் முதல் பதிலிலேயே சார்ஜரைத் தொட்டுப் பார் என்று சொன்னேனா இல்லையா?

நானோஆம்பியர்

சொன்னீர்கள் அண்ணா. கம்பியை உரசச் சொன்னதைத்தான் வேண்டாம் என்றேன்.